உரக்கடைக்குப் போன சாப்பாடு

என் கணவருக்கு நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை வேறொருவர் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தது உத்தமபாளையத்தில், ஒரு உரக்கடையில்.

அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது சான்றிதழ் கேட்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, யாரும் கேட்பதற்கு முன்பே அலைந்துகொண்டிருந்த காலம். வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. நல்ல உச்சி வெயில். இவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மதியத்தில் எப்போதும் அந்தக் கடையில்தான் இருப்பார் என்று தெரியும். நேராகவே போய்விடலாம் என்று நடந்தேன்.

வாசலில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. உள்ளே போனதும் மருந்து வாடை மூக்கில் ஏறியது. பின்னறைக் கதவு திறந்திருந்தது. பனியன் போட்ட ஒரு பெரியவர் மேசைமேல் டிபன் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்துக்கொண்டு, மொச்சைக் குழம்பை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

மொச்சையை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் மொச்சைதான். என் கண்ணில் பட்டது மூடி. எங்கள் கல்யாணத்துக்குத் தாய்மாமா வாங்கிக் கொடுத்த கேரியர் அது. மூடியில் தன் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் வெட்டிக் கொடுத்திருந்தார்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா? யூரியா லோடு இன்னும் வரல. சாயங்காலமா வா."

"யூரியா வேணாம்ங்க. அந்த மூடியில இருக்குறது எங்க மாமா பேரு."

அவர் மூடியைத் திருப்பிப் படித்தார். பிறகு என்னைப் படித்தார். வாயில் இருந்ததை விழுங்குவதா நிறுத்துவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆத்தாடி! நம்ம தம்பி வீட்டுக்காரியா நீ? இங்கன உக்காரு தாயி. தம்பி மெஸ்ஸுக்குப் போயிருக்காப்ல. இப்ப வந்துருவாப்ல."

"மெஸ்ஸுக்கா? எதுக்கு?"

"சாப்பிடத்தான்" என்றார், நான் கேட்டது என்ன கேள்வி என்பதுபோல.

எதற்காகக் கட்டினேன்

முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் சின்னமனூரில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் தேனியில் ஒரு பைக் ஷோரூமில் கணக்குப் பிரிவில் வேலை. இவர் பூச்சிமருந்து கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. கம்பெனிச் சரக்கு இறங்குவது அந்த உத்தமபாளையத்துக் கடையில் என்பதால், கம்பம், கூடலூர் என்று எங்கே சுற்றினாலும் மதியத்துக்கு அங்கே வந்து ஆர்டர் எழுதவேண்டும்.

எங்கள் மகள் இனியா எங்களோடு இல்லை. பெரியகுளத்தில் என் அக்கா வீட்டில் இருந்தாள்.

நான் வேலைக்குத் திரும்பியபோது அவளுக்கு ஒன்றரை வயது. பக்கத்து வீட்டில் விட்டுப் பார்த்தேன். அடிக்கடி காய்ச்சல். ஒருநாள் அக்கா வந்தாள். "ஏடி, ஒரு மாசம் நான் வச்சிருக்கேன், ஒடம்பு தேறட்டும்" என்று தூக்கிக்கொண்டு போனாள். அவள் மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான், வீடு வெறிச்சென்று இருந்தது. ஒரு மாதம் ஒரு வருடமாகி, அதற்கு மேலும் போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் போவேன். ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவேன். ஆரம்பத்தில் நான் கிளம்பும்போதெல்லாம் இனியா அழுவாள். அக்கா அவளைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் காக்காய் காட்டுவாள். பிறகு அழுகை நின்றது. வாசலில் அக்கா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு சிரித்தபடி கையாட்டினாள். அந்தக் கையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், தேனி வரைக்கும் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வருவேன்.

ஷோரூமுக்குப் பக்கத்தில், பழனிசெட்டிபட்டியில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. சாயங்காலம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அங்கேயே ஒரு வீடு பார்த்துவிட்டால் பிள்ளையை அழைத்து வந்துவிடலாம். வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும். எங்கள் செலவில் குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: இருவரும் தினமும் வெளியே சாப்பிட்ட மதியச் சாப்பாடு.

அப்படித்தான் கட்ட ஆரம்பித்தேன்.

விடியுமுன்

வெளியே இன்னும் இருட்டு. ஒரு அடுப்பில் உலை, ஒரு அடுப்பில் குழம்பு. பாதித் தூக்கத்தில் வெங்காயம் உரிப்பேன். சில நாள் உரித்த வெங்காயத்தைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டிருக்கிறேன்.

கட்டுச் சோற்றுக்கு என்று ஒரு தனிப் படிப்பு இருக்கிறது. தேங்காய் அரைத்து ஊற்றினால் எங்கள் ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் நுரைத்துவிடும். தயிர்ச்சோற்றில் பாலை ஊற்றி ஒரு சொட்டுத் தயிர் விட்டால், சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். ரசத்தை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பஸ் நெரிசலில் அது தன் வழியைக் கண்டுபிடித்துவிடும். என் அலுவலகப் பையில் ஒரு வருடம் பெருங்காய வாசம் அடித்தது. மேலாளர் ஒருமுறை ஸ்டேட்மெண்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரசமா மேடம்?" என்றார்.

இவ்வளவு சிரமமும் சேமிப்புக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். சாயங்காலம் இவருடைய கேரியர் சுத்தமாகக் காலியாக வரும். அதைக் கழுவும்போது ஒரு நிறைவு. நான் சமைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாரே என்று.

"சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை

எங்கள் பக்கம் யார் எதிரில் இருந்தாலும், சாப்பாட்டைத் திறந்தால் "சாப்பிடுங்க" என்று சொல்லியாக வேண்டும். எதிரில் இருப்பவர் "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லியாக வேண்டும். அதன் பிறகு நாம் நிம்மதியாகச் சாப்பிடலாம். இரண்டு பேருக்கும் விதி தெரியும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மதுரையிலிருந்து வரும் பழைய சின்ன ரயிலில், அப்பா புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுப் பெட்டி முழுக்கப் பார்த்து "சாப்பிடுறீகளா?" என்றார். எல்லோரும் முறைப்படி மறுத்தார்கள். ஒரு கல்லூரிப் பையன் மட்டும் "குடுங்க சார்" என்று கையை நீட்டினான். அப்பா கொடுத்தார். கொடுத்துவிட்டு, யாரோ சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல ஊர் வரும்வரை முழித்துக்கொண்டே வந்தார். எங்களுக்குப் பாதிப் பொட்டலம்தான் மிஞ்சியது.

இவருக்கு நடந்ததும் அதுதான். கேரியர் கொண்டுபோன முதல் நாளே, கடைக்காரரான அந்தப் பெரியவர் எதிரில் இருந்ததால், "சாப்பிடுங்கண்ணே" என்றிருக்கிறார். அவர் "என்ன கொழம்பு?" என்று கேட்டிருக்கிறார். முருங்கைக்கீரையும் தட்டைப்பயற்றுக் குழம்பும் என்றதும், "சரி, குடுங்க தம்பி" என்று கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

திரும்பவும் கடைக்கு

இவர் மெஸ்ஸிலிருந்து ஈரக் கையோடு, ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் பழம் அப்படியே நின்றது.

"நீ எங்க இங்கன?"

"தாலுகா ஆபீஸ் வந்தேன். பழத்தைச் சாப்பிடுங்க, கறுத்துரும்."

கடைக்காரர்தான் நடுவில் வந்தார். "தம்பிய ஒண்ணும் சொல்லாத தாயி. எல்லாம் என் நாக்கு பண்ற வேல. வீட்டுக்காரி மக பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போயிருக்கா. பேரனைப் பாத்ததும் புருசன மறந்துட்டா. எனக்குச் சுகரு, பிரசரு, வயித்துல புண்ணு. ஓட்டல் சோறு தின்னா ராத்திரி பூரா நெஞ்சு எரியும். உன் சோறு தின்ன ரெண்டு மாசமா மாத்திரையே கொறஞ்சிருக்கு."

ரெண்டு மாசம். நான் இருட்டில் எழுந்த ஒவ்வொரு நாளும் இவர் மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். சேமிப்பு என்று எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதில் பாதி இல்லவே இல்லை.

அந்த நேரம் பார்த்து குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டக்காரர் ஒருவர் வந்தார். பின்னறையை எட்டிப் பார்த்து, "ஊணு கழிச்சோ?" என்று, சாப்பிட்டாச்சா என்பதை மலையாளத்தில், கடைக்காரரிடம் கேட்டார்.

"கழிச்சேன் சேட்டா, கழிச்சது யாரு சோறுன்னுதான் பஞ்சாயத்து ஓடுது" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில்தான் எனக்கு என்மேலேயே கோபம்.

தோட்டக்காரரைச் சரக்குப் பார்க்க அனுப்பிவிட்டுக் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஓசியில தின்னேன்னு பேரு வேணாம் தாயி. மாசத்துக்கு இம்புட்டுன்னு வாங்கிக்க. எனக்குத் தனியா கட்டிக்குடு. தம்பி அவர் சோத்த அவர் சாப்பிடட்டும்."

பைக்கில் பேசியது

கடை வேலை முடிந்ததும் இவருடைய பைக்கிலேயே வீட்டுக்குக் கிளம்பினோம். காற்றுக் காலம். பேசிய பேச்சில் பாதியைக் காற்று கொண்டுபோனது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கட்டமாட்ட. கட்டலைன்னா அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிக்க? நம்ம சரக்குல பாதிய எடுக்குறதே அவர்தான்."

"நான் யாருக்குச் சமைக்கிறேன்னே தெரியாம சமைச்சிருக்கேன்."

"விடு செல்வி. நாளையிலருந்து கேரியரே வேணாம். நீ தூங்கு."

அதைக் கேட்டதும் உண்மையிலேயே தூக்கம் வந்தது. தூங்கலாம். எவ்வளவு நல்ல வார்த்தை. கொஞ்ச தூரம் அவர் முதுகில் தலையைச் சாய்த்திருந்தேன். ஜூனுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் நிமிர்ந்துவிட்டேன்.

"அவர் குடுக்குறேன்னு சொன்னதை வாங்கிக்கலாம்."

பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டார். "என்ன பேசுற? எம்.காம் படிச்சவ உரக்கடைக்குச் சோறு கட்டிக்குடுத்தான்னு பேரு வாங்கவா? மத்த கடைக்காரங்க என்னைய என்னன்னு நெனைப்பாக?"

"இப்ப மட்டும் கட்டிக்குடுக்கலையா? சும்மா கட்டிக்குடுத்தா கௌரவம், காசு வாங்கினா கேவலமா?"

பைக்கை மறுபடி உதைத்துக் கிளப்பினார். நானும் உறுதியாகச் சொன்னவள்போலத்தான் இருந்தேனே தவிர, அன்றைக்கு முழுக்க மாற்றி மாற்றி யோசித்தேன். அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அலுவலகத்தில் தெரிந்தால்? அந்த மனிதருக்கு என் சாப்பாட்டால் ஏதாவது ஆகிவிட்டால்? அந்த மருந்து வாடைக்குள் வைத்துச் சாப்பிடுகிறாரே, கையை ஒழுங்காகக் கழுவுவாரா? யாரோ ஒருவர் கையைப் பற்றிக் கவலைப்படுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரியகுளத்தில் இருந்தேன். அக்கா, மொட்டைமாடியில் இனியாவை மடியில் வைத்துக்கொண்டு தலை சீவிக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் இனியா அவளை "அம்மா" என்றாள். அக்கா சட்டென்று என்னைப் பார்த்தாள். "பெரியம்மாடி... பெரியம்மா சொல்லு" என்று அவளைத் திருத்தினாள். நான் காதில் விழாததுபோலக் கொடியில் காய்ந்த துணியை மடித்தேன்.

திங்கட்கிழமை மூன்று கேரியர் கட்டினேன்.

மூன்றாவது கேரியர்

கடைக்காரருக்கு உப்பு குறைவு. புளி குறைவு. கத்தரிக்காய் ஆகாது. வாழைத்தண்டுப் பொரியல் என்றால் உயிர். கொள்ளு ரசம் வாரத்தில் இரண்டு நாள் வேண்டும். இதெல்லாம் அவர் ஒரே நாளில் சொன்னதில்லை. இவர் மூலம் தினமும் ஒரு செய்தி வரும். "பீன்ஸ் வேணாமாம்." "நேத்து கூட்டு அருமையாம், உன் கைக்கு வளையல் போடணுமாம்." "வளையல் வேணாம், மாசம் பொறந்தா கவரை ஒழுங்கா அனுப்பச் சொல்லுங்க" என்பேன். கவர் ஒழுங்காக வந்தது. என் பெயர் எழுதித்தான் வரும், இவர் பெயரில் இல்லை. அதில் அவர் கறாராக இருந்தார்.

தனித்தனியாக இரண்டு குழம்பு வைக்க எனக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கும் அதே உப்புதான், அதே புளிதான். அலுவலகத்தில் என் குழம்பை ருசி பார்த்த மல்லிகா அக்கா, "என்னடி, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு. யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார். எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த மாதங்களில் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். கம்பியைப் பிடித்த கை மட்டும் முழித்திருக்கும்.

வீரபாண்டி தாண்டும்போது ஒரு காலை, கடைக்காரருடைய கேரியர் என் கையில் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறேன். அன்று பெரியவருக்கு என் சாப்பாட்டு டப்பா போயிருந்தது. அலுவலகப் பெண்கள் குறை சொல்கிறார்களே என்று எனக்கு மட்டும் கொஞ்சம் உறைப்பாக ஊறுகாய் வைத்திருந்தேன். சாயங்காலம் இவர் செய்தி கொண்டுவந்தார்: "ஊறுகா தினமும் வேணுமாம்."

"அவர் பிரசருக்கு ஊறுகாயே கூடாதுன்னு சொல்லுங்க."

"நீ அவருக்கு வீட்டுக்காரியா, டாக்டரா?"

"சோறு கட்டுறவ" என்றேன். எங்கள் இருவருக்குமே அதில் வருத்தம் வரவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது போலிருக்கிறது.

பள்ளி திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பழனிசெட்டிபட்டியில் மாடி வீடு ஒன்று கிடைத்தது. அட்வான்ஸைக் கொடுத்த அதே வாரத்தில் கடைக்காரரின் மனைவி கோயம்புத்தூரிலிருந்து திரும்பிவிட்டார். மூன்றாவது கேரியர் நின்றது. முதல்முறையாகத் தன் சாப்பாட்டைக் கடைக்காரரின் மேற்பார்வை இல்லாமல் நிதானமாகச் சாப்பிட்ட இவர், மதியமே போன் செய்தார்.

"செல்வி, ஏன் எதுலயும் உப்பே இல்ல?"

சாப்பிட்டாளா?

இனியாவைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அக்கா வாசலோடு நின்றுவிட்டாள். பஸ் நிலையத்துக்கு வரவில்லை. ஒரு பை நிறையத் துணியும் பொம்மையும் கொடுத்தாள். "சோத்துக்குத்தான் படுத்துவா, பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான்.

பள்ளிக்குப் போன முதல் நாள் டப்பா நிறைய அப்படியே திரும்பி வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. ஒரு பெரியவருக்குப் பீன்ஸ் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். பால்சோறு என்று பட்டது. அவளுக்கு ஒன்றரை வயதில் பால்சோறு பிடிக்கும்.

அக்கா தினமும் மதியம் சரியாகப் போன் செய்தாள். எடுத்ததும் ஒரே கேள்விதான்: "சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாக்கா" என்பேன். அவள் மேலே ஒன்றும் கேட்கமாட்டாள். வைத்துவிடுவாள்.

அந்த வாரக் கடைசியில் மதிய இடைவேளைக்கு என் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். ஆசிரியை பரவாயில்லை என்று இனியாவை வெளியே அனுப்பினார். படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தோம். அவளுடைய டப்பாவில் நெய் விட்ட பருப்புச் சோறு. மூடியைத் திறந்ததும் மூடிவிட்டாள். என்னுடையதை எட்டிப் பார்த்தாள். புளிக்குழம்பு. உப்பும் புளியும் காரமும் பழையபடி போட ஆரம்பித்திருந்த வாரம்.

"உறைக்கும்டா."

வாயைத் திறந்தாள். கொடுக்கலாமா, வயிற்றுக்கு ஆகுமா, நாளைக்குக் காய்ச்சல் வந்தால் என்று யோசிக்கும்போதே கை ஒரு கவளம் உருட்டிவிட்டது. தின்றாள். "ஸ்ஸ்" என்று நாக்கை நீட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். கண்ணில் நீர் நின்றது. மறுபடி வாயைத் திறந்தாள்.

பாதி போனபின் உதட்டை இறுக்கிக்கொண்டாள். எழுந்து மற்ற பிள்ளைகளோடு உள்ளே ஓடிவிட்டாள். அப்போது போன் அடித்தது.

"சாப்பிட்டாளா?"

"பாதிதான் சாப்பிட்டாக்கா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன். "என்ன கொழம்பு?" என்றாள்.

"புளிக்கொழம்பு."

"கூறுகெட்டவளே! பச்சப் புள்ளைக்கு அம்புட்டுக் காரத்தையா குடுத்த? என்னத்தடி படிச்ச நீ? வயித்து வலின்னு வந்தா யாரு பாக்குறது? அவளுக்குச் சோத்தைக் கொழைய வடிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள பிசைஞ்சு, டப்பால வைக்காம கையில உருட்டிக் குடுக்கணும்டி, கேக்குறியா..."

"கேக்குறேன்க்கா, சொல்லு."

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். இடைவேளை முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இனியா வைத்த மிச்சத்தை நான் சாப்பிட ஆரம்பித்தேன்.